குழந்தைக்கு உலர்திராட்சையும் பிற உலர்பழங்களும்: எந்த வயதில், எந்தப் பக்குவத்தில் தொடங்குவது?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்பது மாதம் நிறைந்து பத்தாவது மாதம் நடக்கிறது. பருப்புச் சாதம், இட்லி, கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், வேகவைத்த கேரட் எல்லாவற்றையும் விரும்பியே சாப்பிடுகிறாள். ஆனால் திட உணவு தொடங்கியதிலிருந்து மலம் இறுகி, முக்கி அழுதுதான் போகிறாள். இரவில் உலர்திராட்சையை ஊறவைத்துக் காலையில் அந்த நீரைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று என் அத்தை சொல்கிறார். தம் பிள்ளைகள் இருவருக்கும் ஐந்தாம் மாதத்திலிருந்தே கொடுத்தாராம். இதற்கிடையில் துபாயில் இருக்கும் என் அண்ணன் பேரீச்சை, அத்தி, ஆரஞ்சு நிறத்தில் மின்னும் ஆப்ரிகாட் என்று ஒரு பெட்டி நிறைய அனுப்பி, நாள் தவறாமல் கொடுத்தால் குழந்தைக்கு இரத்தம் ஊறும் என்று தொலைபேசியில் வலியுறுத்துகிறார். மருத்துவமனையில் கேட்டதற்கு, "கொடுக்கலாம், பார்த்துக் கொடுங்கள்" என்றதோடு முடித்துக்கொண்டார்கள். எதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. இப்போதே தொடங்கலாமா, எந்தப் பக்குவத்தில் கொடுப்பது, அண்ணன் சொல்வதுபோல் இரும்புச்சத்து உண்மையிலேயே கிடைக்குமா என்று அனுபவமும் அறிவும் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சத்துக்கணக்கு எழுதியது:

வணக்கம் காவிரிக்கரை. உணவியல் படித்தவள் என்ற முறையில் உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உலர்பழத்தைப் பற்றி நம் வீடுகளில் நிலவும் நம்பிக்கைகளில் மிகவும் வலுவானது அதுதான்.

திராட்சைப் பழத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். அதைக் காயவைத்து நீர் 15 விழுக்காட்டளவுக்கு இறங்கும்போது, நான்கு கிலோ பழம் ஒரு கிலோ உலர்திராட்சையாகச் சுருங்குகிறது. அவ்வாறு சுருங்குவதால் சர்க்கரை, நார், தாதுக்கள் அனைத்தும் செறிவடைகின்றன. 100 கிராம் உலர்திராட்சையில் சுமார் 300 கலோரியும் 59 கிராம் சர்க்கரையும் உள்ளன. இரும்பு, அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, 1.9 மில்லிகிராம் மட்டுமே. பேரீச்சையில் அது இன்னும் குறைவு, 100 கிராமுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம். நம் நாட்டில் வெளியான அட்டவணைகள் சில இதைவிடக் கூடுதலாகக் காட்டுவதும் உண்மைதான். ஆனால் எந்தக் குழந்தையும் 100 கிராம் சாப்பிடப் போவதில்லை. ஓர் உலர்திராட்சையின் எடை அரை கிராம் அளவுதான்; பத்துத் திராட்சை கொடுத்தால் கிடைக்கும் இரும்பு 0.1 மில்லிகிராம். நான்கு மடங்கு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் அது அரை மில்லிகிராமைத் தொடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஆறு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராமும், ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு 8 மில்லிகிராமும் தேவை. மேலும், தாவர உணவிலுள்ள இரும்பைக் குடல் எளிதில் ஈர்ப்பதில்லை. அதற்கு உதவும் வைட்டமின் சி உலர்திராட்சையில் மிகவும் குறைவு, அதன் தோலிலுள்ள பாலிஃபீனால் என்னும் தாவரப் பொருள்களோ இரும்பு ஈர்ப்பைத் தடுக்கும் இயல்புடையவை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இவ்வளவு பரவலான குறைபாட்டைத் தினமும் இரண்டு பேரீச்சையால் சரிசெய்துவிட்டோம் என்ற நிம்மதி ஆபத்தானது. ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு அரசு வழங்கும் இரும்புச்சத்து மருந்தின் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வாரம் இருமுறை அதைக் கொடுக்கிறார்கள். உங்கள் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் அதைக் கேட்டு வாங்குவதும், முட்டை, மீன், ஈரல், பருப்பு, கேழ்வரகு, கீரை ஆகியவற்றை உணவில் சேர்ப்பதும்தான் இரத்தத்துக்கான வழி. உலர்பழத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இனிப்பான, நாருள்ள, வெல்லத்துக்கும் சர்க்கரைக்கும் பதிலாகப் பயன்படுத்தத்தக்க ஓர் உணவு. அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் மிக நல்ல பொருள்.

மயிலைப்பாட்டி எழுதியது:

கணக்கெல்லாம் சரியாகவே இருக்கட்டும். மலச்சிக்கலைப் பற்றித்தானே அந்தப் பெண் முதலில் கேட்டாள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

என் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் திராட்சைச் சாறு கொடுத்துத்தான் வளர்த்தேன், அது வேலை செய்யாமல் போனதில்லை. ஆனால் இப்போதைய பெண்கள் செய்வதுபோல் நாலு திராட்சையைக் குளிர்ந்த நீரில் போட்டு, காலையில் அந்த நீரை மட்டும் வடித்துக் கொடுத்துவிட்டுப் பழத்தைத் தூக்கி எறிவது கிடையாது. விதையில்லாத திராட்சையாகப் பார்த்து, காம்பைக் கிள்ளி, வெந்நீரில் இருமுறை அலசி, பிறகு கொதித்து ஆறிய நீரில் மூழ்கும் அளவு மட்டும் விட்டு இரவு முழுவதும் மூடி வைக்க வேண்டும். காலையில் அதே நீரோடு கையால் நன்றாகப் பிசைந்தால் சதை கரைந்து நீர் குழம்பாகும். அதைப் பெரிய கண் உள்ள வடிகட்டியில் போட்டுக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேய்த்தால், தோல் மேலே நின்றுகொண்டு கூழ் மட்டும் கீழே இறங்கும். வடிகட்டியின் அடிப்புறத்தில் ஒட்டியிருப்பதை வழித்துச் சேர்க்க வேண்டும். நல்ல சதை எல்லாம் அங்கேதான் இருக்கும். அந்தக் கூழில் இரண்டு தேக்கரண்டி போதும். தனியாகவும் கொடுக்கலாம், கேழ்வரகுக் கூழிலும் கலக்கலாம்.

செவிலி_நெல்லை எழுதியது:

பாட்டியம்மா சொன்ன பக்குவத்தை நான் முழு மனத்தோடு வழிமொழிகிறேன். நீரில் கரைவது பெரும்பாலும் சர்க்கரையும் சிறிது புளிப்பு அமிலமும்தான். மலத்தை இளக்கும் நார் சதையிலும் தோலிலும் இருப்பதால், நீரை மட்டும் கொடுப்பதில் பாதிப் பயன் போய்விடுகிறது. ஆனால் ஐந்தாம் மாதத்திலிருந்தே கொடுத்ததாக அத்தை சொன்னதில் மட்டும் வேறுபட வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் நிறைவதற்கு முன்பு தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், வெறும் நீர்கூட, தேவையில்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள்கள் மலம் கழிக்காமல் இருந்து, பிறகு இளக்கமாகப் போனால் அது மலச்சிக்கலே அன்று. எனவே ஐந்தாம் மாதத்தில் திராட்சை நீர் என்ற பழக்கத்தை இந்தத் தலைமுறையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

காவிரிக்கரை அம்மா, உங்கள் மகளின் வயதுக்குத் திராட்சைக் கூழ் தாராளமாகக் கொடுக்கலாம். உணவுக்கிடையே சில மிடறு நீரும், கேழ்வரகுக் கூழில் கொஞ்சம் நெய்யும், நன்கு பழுத்த பப்பாளி, கொய்யாவின் விதை நீக்கிய சதை, கீரை மசியல் ஆகியவையும் சேரட்டும். அரிசியும் சரியாகப் பழுக்காத வாழைப்பழமும் மட்டும் மிகுந்தால் மலம் இறுகும். கொடிமுந்திரி என்று விற்கப்படும் உலர்ந்த பிளம்ஸ் கிடைத்தால், மலம் இளக்குவதில் அது திராட்சையைவிட வலுவானது. அதில் சார்பிட்டால் என்னும் பொருள் நிறைய இருப்பதே காரணம். அதையும் ஒரு தேக்கரண்டிக் கூழில் தொடங்குங்கள், மிகுந்தால் வயிறு போகும். மலத்தில் இரத்தம், வாந்தி, வயிறு உப்பல், எடை கூடாமை இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி நான் எழுத வந்த முக்கியமான செய்தி. "பார்த்துக் கொடுங்கள்" என்று மருத்துவமனையில் சொன்னது பெரும்பாலும் மூச்சடைப்பைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். உலர்திராட்சை சிறியது, ஒட்டும் தன்மையுள்ளது, குழந்தையின் மூச்சுக்குழலை அடைக்கும் அளவுக்குப் பொருத்தமானது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சிறு குழந்தைகளுக்கு மூச்சடைப்பு உண்டாக்கக்கூடிய உணவுகளின் பட்டியலில், வேகவைக்காத உலர்பழங்களைத் திராட்சையைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஊறவைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஊறிய திராட்சை பருத்து, உருண்டு, வழுக்கும் தோலோடு மீண்டும் ஒரு சிறு திராட்சைப் பழமாகிவிடுகிறது. மென்மையாகிறதே தவிர, முழுதாகக் கொடுக்கும் பொருளாகிவிடுவதில்லை. ஆகவே ஆறு மாதம் முதல் வடிகட்டிய கூழ், ஒன்பது பத்து மாதத்தில் தோலோடு நன்கு அரைத்த விழுது, ஒரு வயதுக்கு மேல் ஊறவைத்துப் பொடியாக நறுக்கி உணவில் கலந்தது என்று படிப்படியாகச் செல்லுங்கள். முழுத் திராட்சையை, கடைவாய்ப் பற்கள் முளைத்து, மென்று விழுங்கத் தெரிந்து, ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் வந்த பிறகே, நான்கு வயதையொட்டிக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. படுத்துக்கொண்டோ, ஓடிக்கொண்டோ, வண்டியின் பின்னிருக்கையிலோ எந்த வயதிலும் வேண்டாம்.

புதிய பக்குவத்துக்கு மாறும்போது குழந்தை ஓங்கரிப்பது இயல்பு. முகம் சிவக்கும், இருமும், ஒலி வரும், தானே வெளியே தள்ளிவிடும். உண்மையான மூச்சடைப்பில் ஒலி வராது. அழவோ இருமவோ முடியாமல் குழந்தை திணறும். அப்போது நம் ஊர் வழக்கப்படி உச்சந்தலையில் தட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விட்டால் பொருள் இன்னும் உள்ளே போகும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையின் மேல், தலை தாழ்ந்திருக்கும்படி குப்புறக் கிடத்தி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். பிறகு மல்லாத்தி, மார்பெலும்பின் மேல் இரு விரலாலோ உள்ளங்கையின் அடிப்பகுதியாலோ ஐந்து முறை அழுத்த வேண்டும். பொருள் வெளியே வரும்வரை இவ்விரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருக்க, அருகிலிருப்பவர் 108ஐ அழைக்க வேண்டும். ஒரு வயதுக்கு மேல், மார்பை அழுத்துவதற்குப் பதிலாக வயிற்றை உள்ளும் மேலுமாக அழுத்தும் முறை. இதை எழுத்தில் படிப்பதைவிட, ஒரு முதலுதவிப் பயிற்சியில் பொம்மையின் மேல் செய்து பார்ப்பது நூறு மடங்கு மேல்.

விட்டுப்போன ஒன்று: வளைகுடாவிலிருந்து வந்த பெட்டியில் தேனில் ஊறிய பேரீச்சையோ அத்தியோ இருந்தால் மகளுக்கு ஒரு வயது நிறையும்வரை அதைத் தொடவே வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும்.

காவிரிக்கரை எழுதியது:

மிக்க நன்றி. பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். தேன் பேரீச்சை ஒரு புட்டி இருக்கிறது, அதைத் தனியே எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டேன். இன்னோர் ஐயம். வீட்டில் பாயசமோ சர்க்கரைப் பொங்கலோ செய்தால், நெய்யில் பொரிந்து உப்பிய திராட்சையைப் பொறுக்கியெடுத்துக் குழந்தையின் வாயில் வைக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இருக்கிறது. யாரையும் புண்படுத்தாமல் அதைத் தடுப்பது எப்படி என்று தெரியவில்லை. அத்துடன், மகளுக்கு முன்பற்கள் நான்கு வந்துவிட்டன. பல்லுக்குக் கேடு என்று அண்டை வீட்டில் சொல்கிறார்கள்.

யாழ்_அம்மம்மா எழுதியது:

பிள்ளை, புக்கையிலும் (உங்கள் பொங்கல்தான்) பாயசத்திலும் முந்திரிகை வற்றலை, அதாவது உலர்திராட்சையை, பொறுக்கிக் கொடுப்பது எங்கள் ஊரிலும் உள்ளதுதான். நான் செய்வதைச் சொல்கிறேன். தாளிப்பதற்கு முன்பே வற்றலைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுவேன். கத்தரிக்கோலின் வாயைச் சுடுநீரில் தோய்த்துக்கொண்டால் ஒட்டாமல் வெட்டும், வற்றலைக் குறுக்கே வெட்டாமல் நீளவாக்கில் வெட்ட வேண்டும். கஜுவையும் (முந்திரிப் பருப்பு) அம்மியிலோ மிக்சியிலோ பொடித்துத்தான் போடுவேன். பெரியவர்களுக்குச் சுவையில் ஒரு குறையும் தெரியாது. பொறுக்கி எடுக்க முழு வற்றலே பானையில் இல்லாவிட்டால் ஒருவரோடும் மனத்தாங்கல் வராதல்லவா?

பல்_பாதுகாவலர் எழுதியது:

யாழ் அம்மாவின் யோசனை அருமை. குழந்தைப் பல் மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் பல்லைப் பற்றிய ஐயத்துக்கு விடை சொல்கிறேன்.

பற்சிதைவில், குழந்தை எவ்வளவு சர்க்கரை உண்டது என்பதைப் போலவே எத்தனை முறை உண்டது என்பதும் கணக்கில் வருகிறது. வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. உமிழ்நீர் அதைச் சமன்செய்யச் சற்று நேரம் தேவைப்படுகிறது. அதற்குள் அடுத்த திராட்சை வாய்க்குள் போனால் பல் அமிலத்திலேயே ஊறிக்கொண்டிருக்கும். பாற்பல்லின் எனாமல் நிலைப்பல்லின் எனாமலைவிட மெல்லியது. காய்ந்த திராட்சையும் பேரீச்சையும் கடைவாய்ப் பல்லின் குழிகளில் பிசின் போல அப்பிக்கொள்பவை. இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், பத்துத் திராட்சையை மதிய உணவோடு ஒரே முறையில் சாப்பிடும் குழந்தையைவிட, அதே பத்தைப் பகல் முழுவதும் ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தைக்குச் சிதைவு வரும் வாய்ப்பு மிகுதி. ஆகவே உணவு வேளையில் மட்டும், உணவின் பகுதியாகக் கொடுங்கள். பிறகு இரண்டு மிடறு நீர். முதல் பல் வந்த நாளிலிருந்தே ஃபுளோரைடு உள்ள பற்பசையை ஓர் அரிசி மணி அளவு எடுத்து, காலையிலும் உறங்கப் போகுமுன்பும் பெற்றோரே துலக்கிவிட வேண்டும். இரவில் துலக்கிய பிறகு எதுவும் கூடாது.

நான் அடிக்கடி காணும் ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். திராட்சையையோ பேரீச்சையையோ வலைச் சூப்பானில் அடைத்து, குழந்தை அழாமல் இருப்பதற்காகக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மூச்சடைப்புக்கு அது பாதுகாப்புதான். ஆனால் சர்க்கரைக் கரைசலை மணிக்கணக்கில் முன்பற்களின் மேல் தடவிக்கொண்டிருப்பதற்கு அதைவிடச் சிறந்த கருவி கிடையாது.

உலர்பழக்_கடை எழுதியது:

பொருளை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை ஒருவரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். மதுரையில் தலைமுறையாகப் பலசரக்கு மொத்த வணிகம் செய்யும் குடும்பம் எங்களுடையது.

தமிழ்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் உலர்திராட்சையில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்தின் சாங்லி, தாஸ்காவ், நாசிக் பகுதிகளிலிருந்தும் கர்நாடகத்தின் விஜயபுரத்திலிருந்தும் வருகிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை விதையுள்ளது. பழமாக உண்பதற்கும் சாறு பிழிவதற்கும்தான் அது பெரிதும் போகிறது. சாங்லியில் தாம்சன் போன்ற விதையில்லா வகைகளை அறுவடை செய்து, பொட்டாசியம் கார்பனேட்டும் எத்தில் ஓலியேட்டும் கலந்த கரைசலில் முக்கி எடுக்கிறார்கள். பழத்தோலின் மேலுள்ள மெழுகுப் படலத்தில் நுண்ணிய விரிசல் விழுந்து நீர் விரைவில் வெளியேறுவதற்காகவே இது. பிறகு நிழற்பந்தலின் கீழ் அடுக்கடுக்கான வலைகளில் பரப்பி ஏறத்தாழ இரண்டு வாரம் காயவைப்பார்கள். பொன்னிறமாகவே நீடிக்க வேண்டிய சரக்குக்குக் கந்தகப் புகை காட்டப்படும். எதிலும் முக்காமல், புகையும் காட்டாமல் வெயிலில் காய்ந்தது பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். ஆப்ரிகாட்டும் அப்படித்தான்: கந்தகம் சேர்த்தால் ஆரஞ்சு நிறம், சேர்க்காவிட்டால் அழுக்குப் பழுப்பு. பார்ப்பதற்கு அழகில்லாத சரக்கை வாடிக்கையாளர் ஒதுக்கிவிடுகிறார்கள், நாங்களும் அழகானதையே முன்வரிசையில் வைக்கிறோம். குழந்தைக்கு வாங்குபவர்கள் அந்த அழகில்லாததைக் கேட்டு வாங்குவது நல்லது. பொட்டலத்தில் ஐ.என்.எஸ். 220 என்ற சேர்க்கைப்பொருள் எண் அச்சிட்டிருந்தால் கந்தக டைஆக்சைடு சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடப்பதால் புதுச் சரக்கு கோடையில் வந்து சேரும். மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் தேய்த்துப் பாருங்கள்: நறநறவென்று இருந்து வெந்நீரில் கரைந்தால் அது பழத்தின் சர்க்கரையே, பஞ்சுபோல் இருந்து பூஞ்சை நாற்றம் அடித்தால் பொட்டலத்தையே எறிந்துவிடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் பெரிய கறுப்புத் திராட்சையில் விதை உண்டு, கீறி எடுக்காமல் அரைக்காதீர்கள். பேரீச்சையையும் அத்தியையும் ஒவ்வொன்றாகப் பிளந்து உள்ளே பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். வெளியே பளபளப்பாக இருக்கும் பழத்தின் நடுவில் கறுத்த தூளோ புழுவோ இருப்பது அரிதன்று.

மூச்சிரைப்பு_மகன் எழுதியது:

என் மகனுக்கு நான்கு வயது, ஆஸ்துமா இருக்கிறது. கந்தகம் என்றவுடன் அச்சமாக உள்ளது. ஊறவைத்தால் போய்விடுமா?

செவிலி_நெல்லை எழுதியது:

வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் ஓரளவு குறையும், முழுவதும் போகாது. கந்தக உப்புகளால் ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சிரைப்பு தூண்டப்படுவது உண்டு. எல்லோருக்கும் அப்படி நேர்வதில்லை. பொன்னிறத் திராட்சையும் ஆரஞ்சு ஆப்ரிகாட்டும் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். கந்தகம் சேர்க்காததைத் தேடி வாங்குங்கள், அதையும் முதல் முறை சிறிதளவே கொடுத்துப் பாருங்கள். மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூன்றுவயதின்_தந்தை எழுதியது:

இங்கே எல்லோரும் எப்படித் தொடங்குவது என்று பேசுகிறீர்கள். எங்கள் வீட்டிலோ எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. பழம் சாப்பிட மாட்டேன் என்ற மகனுக்கு, அதற்குப் பதிலாக இருக்கட்டும் என்று உலர்திராட்சைப் புட்டியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தோம். இப்போது அவன் புட்டியும் கையுமாகத் திரிகிறான், சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வெறும் திராட்சைதானே, மிட்டாய் இல்லையே என்று என் மனைவி சமாதானம் சொல்கிறார்.

சத்துக்கணக்கு எழுதியது:

உங்கள் மகனின் கையில் அள்ளும் அளவு 30 கிராம் என்று கொண்டால், அதில் 90 கலோரியும் ஏறத்தாழ 18 கிராம் சர்க்கரையும் இருக்கின்றன. காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு கை அள்ளினால், மூன்று வயதுக் குழந்தைக்கு அது ஒரு வேளைச் சோற்றின் பசியை ஆற்றிவிடும். சோறு வேண்டாம் என்று அவன் சொல்வதில் பிடிவாதம் எதுவும் இல்லை, அவனுக்குப் பசியே இல்லை. பச்சைத் திராட்சையாக இருந்தால் அதே சர்க்கரைக்கு அவன் நூறு கிராமுக்கு மேல் மென்று தின்ன வேண்டியிருக்கும்; நீரும் பருமனும் வயிற்றை நிறைத்து, போதும் என்று அவனையே சொல்லவைக்கும். உலரவைத்ததில் அந்தத் தடை நீங்கிவிடுகிறது.

புட்டியைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். ஆனால் திராட்சையைத் தடைசெய்யப்பட்ட பொருளாக்கிவிடாதீர்கள். "சோறு சாப்பிட்டால் திராட்சை தருவேன்" என்ற பேரமும் வேண்டாம், அது சோற்றைத் தண்டனையாகவும் திராட்சையைப் பரிசாகவும் ஆக்கிவிடும். மாறாக, சோற்றுக்குள்ளேயே கொண்டுபோங்கள். கல்யாணப் பந்தியில் தயிர்ச்சாதத்தில் மாதுளை முத்தும் திராட்சையும் போடுவார்களே, அதுபோல் ஆறேழு திராட்சையை நறுக்கி, புளிக்காத தயிர்ச்சாதத்தில் கலந்து கொடுங்கள். தயிரின் லேசான புளிப்பில் அந்த இனிப்பு அளவாகத் தெரியும், உணவோடு சேர்ந்துவிடுவதால் பல் மருத்துவர் சொன்ன நிபந்தனையும் நிறைவேறும். கேழ்வரகுக் கூழுக்கு வெல்லம் போடுவதற்குப் பதில் பாட்டி சொன்ன கூழை ஒரு கரண்டி விடலாம். இட்லி மாவில் கலந்தால் திராட்சை அடியில் தங்கிவிடும். ஆப்பம், தோசை வகைக்குத்தான் அது ஒத்துவரும். புதிய பழங்களைத் தொடர்ந்து தட்டில் வைத்துக்கொண்டே இருங்கள், தின்னும்படி வற்புறுத்தாதீர்கள். குழந்தை ஓர் உணவை ஏற்றுக்கொள்வதற்கு முன் பத்து முறைக்கு மேல்கூட அதைச் சந்திக்க வேண்டியிருக்கும்.

லண்டன்_தமிழன் எழுதியது:

இங்குள்ள தேசிய நலவாழ்வுச் சேவையும் இதையேதான் சொல்கிறது: உலர்பழம் பல்லில் ஒட்டும் என்பதால் இடைத்தீனியாகக் கொடுக்காமல் உணவோடு கொடுங்கள் என்று. ஆனால் பல்பொருள் அங்காடிகளில் குழந்தைகளுக்கென்றே அச்சிட்ட சிறு பெட்டிகளில் திராட்சையை அடைத்து, இடைத்தீனி வரிசையில்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதைவிடக் கொடுமை, தயிர்ப் பூச்சுத் திராட்சை என்ற பெயரில் விற்பது; அந்தப் பூச்சின் பெரும்பகுதி சர்க்கரையும் கொழுப்பும். அண்ணன்மார்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பெட்டிகளில் இவையும் இருக்கும் என்பதால் எழுதினேன். பேரீச்சைச் சிரப்பையும் இந்த வரிசையில்தான் வைப்பேன்.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல்: திராட்சையும் உலர்திராட்சையும் நாய்களின் சிறுநீரகத்தைப் பாழாக்கக்கூடியவை. குழந்தை தரையில் சிந்துவதை நாய்தான் கூட்டிப் பெருக்கும்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாட்டி சொன்ன முறையில் கூழ் செய்து கொடுக்கத் தொடங்கிவிட்டோம். அத்தைக்கு அதில் மகிழ்ச்சி, ஏனென்றால் திராட்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நீருக்குப் பதில் கூழ் என்றுதான் சொன்னேன். மலம் முன்பைவிட இளகியிருக்கிறது. இரும்புச்சத்து மருந்தைச் செவிலியரிடம் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி மீதமுள்ளது. தோலோடு அரைத்த விழுதை ஒரு வேளை கொடுத்தபோது, மறுநாள் மலத்தில் கறுப்பாகச் சிறு துணுக்குகள் தெரிந்தன. செரிக்கவில்லை என்று நிறுத்த வேண்டுமா?

செவிலி_நெல்லை எழுதியது:

நிறுத்த வேண்டாம். திராட்சைத் தோல் குழந்தையின் குடலில் அப்படியே கடந்துவருவது வழக்கம். துணுக்குகளாகத் தெரிந்தால் அது தோல்தான். மலம் முழுவதுமே தார்போல் கறுத்து, பிசுபிசுப்பாக இருந்தால் மட்டும் உடனே காட்டுங்கள். இரும்புச்சத்து மருந்து தொடங்கிய பிறகு மலம் கரும்பச்சையாக மாறும், அதற்கும் அஞ்ச வேண்டாம். விழுதை இன்னும் கொஞ்சம் நைஸாக அரைத்துப் பாருங்கள், அரைத்ததை மூடி குளிர்பெட்டியில் வைத்து மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள். அந்த ஆப்ரிகாட்டை நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சாப்பிட்டுவிடலாம்.